பொலிவியா: உயரம் வகுத்த நாடு

தென் அமெரிக்காவின் நடுவே, கடற்கரை ஏதுமின்றி, ஐந்து நாடுகளுக்கிடையில் அடைபட்டுக் கிடக்கும் பொலிவியாவின் எல்லைகளைச் சொல்வது எளிது: வடக்கிலும் கிழக்கிலும் பிரேசில், தென்கிழக்கில் பராகுவே, தெற்கில் அர்ஜென்டினா, தென்மேற்கில் சிலி, வடமேற்கில் பெரு. பரப்பு 10,98,581 சதுர கி.மீ., அதாவது இந்தியாவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 1 கோடியே 13 லட்சத்தை ஒட்டியது. ஆயினும் இந்தப் புள்ளிவிவரங்களைக் கொண்டு அந்நாட்டைப் பற்றி அறியக்கூடியது மிகக் குறைவு. ஏனெனில் பொலிவியாவில் ஓர் ஊரைப் பற்றி முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது எங்கே இருக்கிறது என்பதன்று, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதே. அங்கு என்ன விளையும், எந்த மொழி பேசப்படும், யார் ஏழை, யார் செல்வர், அரசியலில் எவர் பக்கம் சாய்வர், புதிதாக வந்திறங்கும் பயணி முதல் இரவு தூங்குவாரா மாட்டாரா என்பன வரை, பெரும்பாலானவற்றுக்கு அந்த ஓர் எண்ணிலிருந்தே விடை தேடத் தொடங்கலாம்.

நாட்டின் மேற்குப் பகுதியில் ஆண்டீஸ் மலைத்தொடர் இரண்டு கிளைகளாகப் பிரிந்து ஓடுகிறது. எரிமலைகள் வரிசையாக நிற்கும் மேற்குக் கிளையில் நாட்டின் மிக உயர்ந்த சிகரமான சஹாமா 6,542 மீட்டர் உயரத்தில் இருக்க, கிழக்குக் கிளையில் 6,438 மீட்டர் உயரமுள்ள இல்லிமானி, லா பாஸ் நகரின் பல தெருக்களிலிருந்தும் தெரியும்படி பனிமூடி நிற்கிறது. இவ்விரு கிளைகளுக்கும் நடுவே 3,600 முதல் 4,100 மீட்டர் வரை உயர்ந்து, மரங்களற்று, காற்று வீசும் சமவெளியாகப் பரந்திருப்பதே அல்ட்டிப்ளானோ எனப்படும் மேட்டுநிலம். திபெத்துக்கு வெளியே இவ்வளவு உயரத்தில் இவ்வளவு பரந்த மேட்டுநிலம் உலகில் வேறெங்கும் இல்லை. கிழக்குக் கிளையைத் தாண்டியதும் நிலம் செங்குத்தாகச் சரிந்து, முகில் தவழும் காடுகளும் மிதமான தட்பவெப்பமுடைய பள்ளத்தாக்குகளுமாக மாறி, அதற்கும் கீழே அமேசான் மழைக்காடு, வெள்ளம் பாயும் புல்வெளி, வறண்ட சாக்கோ முட்புதர்க் காடு என விரியும் தாழ்நிலத்தில் போய் முடிகிறது. உலகம் பொலிவியாவை மலைநாடு என்றே எண்ணிக்கொண்டிருந்தாலும், அந்நாட்டின் பரப்பில் பாதிக்கு மேற்பட்டது இந்தத் தாழ்நிலமே.

மழைநீர் வடியும் வழியும் இந்த அமைப்பையே பின்பற்றுகிறது. பேனி, மமோரே போன்ற வடக்கு ஆறுகள் மதேய்ரா ஆற்றின் வழியாக அமேசானில் கலக்கின்றன. தெற்கில் பில்கோமாயோ, பராகுவே ஆற்றைச் சேர்ந்து லா பிளாட்டா முகத்துவாரத்தை நோக்கிச் செல்கிறது. மேட்டுநிலத்தில் விழும் நீருக்கோ கடலை அடையும் வழியே கிடையாது. அது ஏரிகளில் தேங்கி, வெயிலில் ஆவியாகி, உப்பை விட்டுவிட்டுப் போகிறது. டிடிகாக்கா ஏரியையும் உயூனி உப்புவெளியையும் ஒரே கதையின் இரு முனைகளாகக் காண வேண்டியது இதனாலேயே.

மூச்சின் கணக்கு

உயரத்தில் காற்றில் பிராணவாயுவின் விகிதம் குறைந்துவிடுகிறது என்று பலர் எண்ணுவது சரியன்று. கடற்கரையிலும் மலையுச்சியிலும் அது 21 விழுக்காடே, குறைவது காற்றழுத்தம். ஏறத்தாழ 3,600 மீட்டர் உயரத்திலுள்ள லா பாஸில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்களவுதான் என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குள் போகும் பிராணவாயுவும் அதே அளவுக்குக் குறைந்துவிடுகிறது. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, நாலு படி ஏறினாலே இளைப்பு என்று இதன் விளைவுகள் முதல் நாளிலேயே தொடங்கும்; உள்ளூரில் இதற்கு சொரோச்சே என்று பெயர். ஓரிரு நாளில் பெரும்பாலோர்க்கு இது தணிந்துவிடும். ஆனால் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சுத்திணறல், நுரைத்த சளி, நடையில் தள்ளாட்டம் ஆகியவை தோன்றினால் அது நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொண்டதன் அறிகுறி. அப்போது உடனே கீழே இறங்குவதைவிட நம்பகமான மருத்துவம் வேறில்லை.

தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையும் அங்கே 88 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கிவிடுவதால், திறந்த பாத்திரத்தில் பருப்போ பயறோ எளிதில் வேகாது. பிரஷர் குக்கர் லா பாஸின் சமையலறைகளில் வசதிப் பொருளன்று, தேவைப் பொருள். நகரத்துக்கு மேலே எல் ஆல்ட்டோவில் உள்ள விமானநிலையம் 4,061 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மெலிந்த காற்றில் இறக்கைகளுக்குப் போதிய தூக்குவிசை கிடைக்க விமானம் மிகுந்த வேகத்தில் ஓட வேண்டியிருப்பதால், அங்கு ஓடுபாதை 4 கி.மீ. நீளத்துக்குப் போடப்பட்டிருக்கிறது.

பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா, 2,500 மீட்டருக்கு மேல் பன்னாட்டு ஆட்டங்களை நடத்தக் கூடாதென 2007இல் தடை விதித்து, எதிர்ப்புக் கிளம்பியதும் 2008இல் அதை விலக்கிக்கொண்டது. அதற்கடுத்த ஆண்டு, 2009 ஏப்ரல் 1 அன்று, மரடோனா பயிற்சியாளராகவும் மெஸ்ஸி ஆட்டக்காரராகவும் இருந்த அர்ஜென்டின அணியை லா பாஸின் எர்னாண்டோ சீலெஸ் அரங்கில் பொலிவியா 6-1 என்று வென்றது. கீழே சமதளத்தில் ஆடும்போது அடிக்கடி தோற்கும் அணி இது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த வெற்றியின் பொருள் முழுமையாகும்.

மேலே ஏழை, கீழே செல்வர்

சட்டப்படி பொலிவியாவின் தலைநகரம் சூக்ரே. உச்ச நீதிமன்றம் இன்றும் அங்கேதான் இருக்கிறது. 1899இல் முடிவுற்ற உள்நாட்டுப் போரில் லா பாஸ் தரப்பு வென்றதைத் தொடர்ந்து குடியரசுத் தலைவர் அலுவலகமும் நாடாளுமன்றமும் அந்நகருக்கு வந்துவிட்டதால், தலைநகரம் எது என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. 2009ஆம் ஆண்டு அரசமைப்பு, நாட்டின் பெயரைப் பல்தேசியப் பொலிவிய அரசு என மாற்றி, ஸ்பானியத்தோடு ஐமாரா, கெச்சுவா, குவரானி உள்ளிட்ட 36 பழங்குடி மொழிகளையும் ஆட்சிமொழிகளாக அறிவித்தது. நாடாளுமன்றக் கட்டடத்தின் முகப்புக் கடிகாரம் 2014இல் இடப்பக்கமாகச் சுழலும்படி மாற்றப்பட்டது. தென்கோளத்தில் சூரிய கடிகாரத்தின் நிழல் அப்படித்தான் நகரும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம்; வானியல்படி அது முற்றிலும் சரி, பேருந்தைப் பிடிக்க ஓடுபவர்க்கு உதவுமா என்பது வேறு.

ஸ்பானியர் 1548இல் லா பாஸை நிறுவியபோது மேட்டுநிலத்தில் தேர்ந்தெடுத்த முதலிடத்தைச் சில நாளிலேயே கைவிட்டு, காற்றின் கடுமைக்கு ஒதுங்கி, ஆறு அறுத்த ஆழமான பள்ளத்துக்குள் இறங்கினர். இன்றும் இப்பள்ளத்தின் அடியை நோக்கி இறங்க இறங்க வெதுவெதுப்பும், மரநிழலும், நிலத்தின் விலையும் ஏறிக்கொண்டே போகின்றன. நகரின் செல்வர் குடியிருக்கும் தென்பகுதி 3,300 மீட்டர் அளவிலிருக்க, கிராமங்களிலிருந்து பிழைப்புக்காக வந்த ஐமாரா மக்கள் பள்ளத்தின் விளிம்புக்கு மேலே 4,100 மீட்டரில் குடியேறி, அங்கு எல் ஆல்ட்டோ என்னும் தனி நகரமே எழுந்துவிட்டது. உலகின் பெரும்பாலான நகரங்களில் மலைச்சரிவின் உச்சியில் மாளிகைகளும் அடியில் குடிசைகளும் இருக்க, லா பாஸில் மூச்சுக்காற்றே அந்த வரிசையைத் தலைகீழாக்கியிருக்கிறது.

இவ்விரு நகரங்களுக்கிடையே மணிக்கணக்கில் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்த மக்களுக்கு 2014 மே மாதம் முதல் கம்பிவட ஊர்தி வந்தது. சுற்றுலாத் தலங்களில் வேடிக்கைக்காக ஓட்டப்படும் இவ்வகை ஊர்தியை அன்றாடப் போக்குவரத்தின் முதுகெலும்பாக்கிய மி தெலெஃபெரிக்கோ அமைப்பில் இப்போது 10 வழித்தடங்கள், மொத்தம் 30 கி.மீ.க்கு மேற்பட்ட நீளத்தில் இயங்குகின்றன. நகருக்குள் ஓடும் கம்பிவடப் பிணையங்களில் உலகிலேயே நீளமானது இதுவே. எல் ஆல்ட்டோவின் விளிம்பிலிருந்து கீழ்நோக்கிப் புறப்படும் ஒரு பெட்டியில், குட்டைத் தொப்பியும் பல மடிப்புப் பாவாடையும் அணிந்து, வண்ணக் கோடுகள் கொண்ட துணிமூட்டையை முதுகில் கட்டிய ஐமாராப் பெண்மணி, எதிர் இருக்கையில் மடிக்கணினிப் பையுடன் அலுவலகம் செல்லும் இளைஞர், காலடியில் செங்கல் நிறச் சுவர்கள் பூசப்படாமலே அடுக்கடுக்காகச் சரியும் வீடுகள், மொட்டைமாடியில் கட்டப்பட்ட நாய்கள், காயும் துணிகள் என்று அந்நகரின் குறுக்குவெட்டுத் தோற்றம் முழுவதும் பத்து நிமிடத்தில் கடந்துபோகும். வியாழன், ஞாயிறு ஆகிய இரு நாள்களில் எல் ஆல்ட்டோவில் கூடும் சந்தை, பழைய இரும்பு முதல் மோட்டார் வண்டி வரை எல்லாம் விலைபோகும் மாபெரும் வணிகக் களம். அதில் பொருள் ஈட்டிய ஐமாரா வணிகர்கள், கட்டடக் கலைஞர் ஃப்ரெடி மமானியின் கைவண்ணத்தில் பச்சையும் ஆரஞ்சுமாய் எழுப்பியிருக்கும் பல மாடிக் கட்டடங்கள், தரைத்தளத்தில் கடை, நடுவே திருமண மண்டபம், உச்சியில் உரிமையாளர் வீடு என்ற அமைப்புடன் தனியொரு கட்டடப் பாணியாகவே வளர்ந்துவிட்டன.

நீரும் உப்பும்

டிடிகாக்கா ஏரி கடல்மட்டத்திலிருந்து 3,812 மீட்டர் உயரத்தில், பெருவும் பொலிவியாவும் பங்கிட்டுக்கொள்ளும்படி 8,300 சதுர கி.மீ. அளவுக்குப் பரந்திருக்கிறது. அதன் பெருநீர்ப் பரப்பு பகலில் வெயிலை உள்வாங்கி இரவில் வெப்பத்தை வெளியிடுவதால், கரையோர வயல்கள் உறைபனியிலிருந்து ஓரளவு தப்புகின்றன. மேட்டுநிலத்தின் பழைய நாகரிகங்கள் இவ்வேரியைச் சுற்றித் தோன்றியது தற்செயலன்று. கரையிலிருந்து சிறிது தொலைவில் உள்ள திவானாக்கு, இன்கா பேரரசுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே செழித்து, கி.பி. 1000 வாக்கில் தளர்ந்த நகரம். ஒரே கல்லில் செதுக்கிய சூரிய வாயில் இன்றும் அங்கு நிற்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 21 அன்று, தென்கோளத்தின் மிக நீண்ட இரவு முடிந்து எழும் முதல் கதிரை வரவேற்க ஐமாரா மக்கள் அங்குக் கூடுகின்றனர். அந்நாள் அரசு விடுமுறையும் ஆகும். லா பாஸிலிருந்து கோப்பகபானா என்னும் ஏரிக்கரை ஊருக்குச் செல்பவர்கள் வழியில் திக்கினா நீரிணையைக் கடக்க வேண்டும். பயணிகள் இறங்கிச் சிறு மோட்டார்ப் படகில் ஏற, அவர்கள் வந்த பேருந்து தட்டையான மரத்தெப்பமொன்றில் தனியே தள்ளாடியபடி பின்தொடரும் காட்சி, பாலம் கட்டப்படும் வரை அவ்விடத்தின் தினசரி நடைமுறையாகவே இருக்கும்.

ஏரியில் சேரும் நீரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு ஆவியாகிவிட, மிச்சம் தெசகுவதேரோ ஆற்றின் வழியே தெற்கே போய்ப் போப்போ ஏரியை நிரப்பி வந்தது. பாசனத்துக்கும் சுரங்கங்களுக்கும் நீர் திருப்பப்பட்டதாலும், வெப்பம் கூடியதாலும், ஒரு காலத்தில் நாட்டின் இரண்டாம் பெரிய ஏரியாக இருந்த போப்போ 2015இல் வற்றிப்போனதாக அறிவிக்கப்பட்டது. அதில் மீன்பிடித்து வாழ்ந்த ஊரு பழங்குடியினர் சுரங்கக் கூலிகளாகவும் உப்பள வேலையாட்களாகவும் ஊர்விட்டுப் போயினர். இதே வெப்பமேற்றத்தால் லா பாஸுக்கு மேலே சக்கால்த்தாயா பனிப்பாறை 2009இல் முற்றிலும் மறைந்தது. உலகின் மிக உயரமான பனிச்சறுக்குத் தளமென ஒரு காலத்தில் பெயர்பெற்ற இடத்தில் இப்போது கல்லும் பழைய விடுதிக் கட்டடமுமே எஞ்சியுள்ளன.

பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மேட்டுநிலத்தின் தென்பகுதியை மூடியிருந்த பெரும் ஏரிகள் வற்றியதன் எச்சமே உயூனி உப்புவெளி. 10,000 சதுர கி.மீ.க்கு மேற்பட்ட இதன் பரப்பில் மேடுபள்ளம் ஒரு மீட்டரைத் தாண்டாது. செயற்கைக்கோள்கள் தம் உயரமானிகளைச் சரிபார்த்துக்கொள்ள இந்தத் தளத்தைப் பயன்படுத்தும் அளவுக்கு அது சமமானது. மே முதல் அக்டோபர் வரையிலான வறண்ட காலத்தில் உப்புப்படலம் இறுகி, அறுகோணத்தை ஒத்த வடிவங்களாக வெடித்து, ஒவ்வொன்றின் விளிம்பிலும் விரல் உயரத்துக்கு உப்பு வரம்பு எழுந்து நிற்கும். காலணியை வைத்தால் நறநறவென்று நொறுங்கும். ஜனவரி முதல் மார்ச் வரையிலான மழைக்காலத்தில் சில அங்குல ஆழத்துக்கு நீர் தேங்கி, காற்றடிக்காத வேளையில் வானம் முழுவதும் தரையில் தெரியும். புகைப்படக்காரர் விரும்புவது இந்தக் கண்ணாடியை; நடந்து திரிய விரும்புபவர்க்கும், ஆளுயரத்தைப் பன்மடங்கு மிஞ்சும் கள்ளிகள் நிற்கும் இன்காவாசி மேட்டுக்குச் செல்பவர்க்கும் வறண்ட காலமே ஏற்றது. ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்க வேண்டும் என்பதைச் சுற்றுலா நிறுவனங்களின் விளம்பரப் படங்கள் சொல்வதில்லை.

உப்புப்படலத்துக்கு அடியில் ஊறிக்கிடக்கும் உவர்நீரில்தான் லித்தியம் கரைந்திருக்கிறது. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் மதிப்பீட்டில் பொலிவியாவின் லித்திய வளம் 2 கோடி டன்னுக்கு மேல். உலகின் மிகப் பெரிய லித்திய வளங்களுள் இதுவும் ஒன்று. எனினும் வளம் என்பது நிலத்தில் இருப்பதையும், இருப்பு என்பது லாபகரமாக எடுக்கக்கூடியதையும் குறிக்கும். இந்த இரண்டாம் பட்டியலில் பொலிவியாவின் பெயர் முன்வரிசையில் இல்லை. சிலியின் அட்டகாமா உப்புவெளியைக் காட்டிலும் உயூனியில் மழை மிகுதி, உவர்நீரில் மக்னீசியமும் மிகுதி என்பதால், நீரை வெயிலில் வற்றவிட்டு லித்தியத்தைப் பிரிக்கும் எளிய முறை அங்கு மந்தமாகவும் செலவு மிக்கதாகவும் அமைகிறது. வெள்ளியையும் வெள்ளீயத்தையும் அயலார் அள்ளிச் சென்ற வரலாற்றை மறவாத மக்கள் அயல்நாட்டு நிறுவன ஒப்பந்தங்களை ஐயத்தோடு பார்ப்பது மற்றொரு காரணம்.

வெள்ளி மலையின் விலை

அந்த ஐயத்தின் வேரைக் காண விரும்புபவர் பொட்டோசிக்குச் செல்ல வேண்டும். ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் அமைந்த இந்நகரின் பின்னே கூம்பாக எழும் செர்ரோ ரிக்கோ மலையில் 1545இல் வெள்ளி கண்டறியப்பட்டது. ஒன்றும் விளையாத அந்தக் குளிர்மேட்டில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்தனர். அக்காலத்து லண்டனோடும் பாரிசோடும் ஒப்பிடத்தக்க கூட்டம் அது. ஸ்பானிய அரசப் பிரதிநிதி பிரான்சிஸ்கோ தே தொலேதோ 1570களில் வகுத்த மித்தா என்னும் முறைப்படி, மேட்டுநிலக் கிராமங்கள் தம் ஆண்களில் ஏழில் ஒரு பங்கினரை முறைவைத்துச் சுரங்க வேலைக்கு அனுப்பியாக வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 13,000 பேர் இவ்வாறு வந்து சேர்ந்தனர். வெட்டிய கனிமத்தைப் பொடித்து, பெருவின் உவான்கவேலிக்காவிலிருந்து கொண்டுவந்த பாதரசத்தோடு கலந்து மிதித்து, பின்னர் சூடேற்றிப் பாதரசத்தை ஆவியாக்கி வெள்ளியைப் பிரித்தனர். சுரங்கத்தில் பிழைத்தவரை இந்த ஆவி கொன்றது. அவ்வெள்ளியில் அச்சடித்த ஸ்பானிய ரியால்கள் உலகெங்கும் செலாவணியாயின. சோழமண்டலக் கரைக்குத் துணி வாங்க வந்த ஐரோப்பியக் கம்பெனிகளின் பெட்டிகளிலும் பொட்டோசி வெள்ளி இருந்தது.

நகரமும் மலையும் 1987இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாகக் குடையப்பட்ட மலையின் உச்சி உள்வாங்கத் தொடங்கியதால், 2014இல் அது ஆபத்திலுள்ள மரபிடங்களின் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. ஆனாலும் சுரங்கம் நிற்கவில்லை. கூட்டுறவுச் சங்கங்களில் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர் வெள்ளீயம், துத்தநாகம், எஞ்சிய வெள்ளி ஆகியவற்றைத் தேடி இன்றும் உள்ளே செல்கின்றனர். குகைத் திருப்பங்களில் கொம்பும் சிவந்த கண்ணும் கொண்ட தீயோ என்னும் களிமண் உருவத்தின் வாயில் எரியும் சிகரெட்டைச் செருகி, காலடியில் கோக்கா இலையைத் தூவி, சாராயத்தைத் தெளித்துவிட்டே வேலையைத் தொடங்குகின்றனர். தரைக்கு மேலே தேவாலயம், தரைக்குக் கீழே தீயோ என்பது அவர்களது பாகுபாடு. இச்சுரங்கங்களுக்குள் பயணிகளை அழைத்துச் செல்லும் சுற்றுலா நடக்கிறது. உள்ளே செல்பவர் தொழிலாளருக்குப் பரிசாகக் கோக்கா இலையோ குளிர்பானமோ வெடிமருந்துக் குச்சியோ வாங்கிச் செல்வது வழக்கம். பிறர் நுரையீரல் நோயோடு உழைப்பதை நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்ப்பது எவ்வளவு முறை என்பது ஒவ்வொருவரும் தாமே எண்ணிப் பார்க்க வேண்டியது. 18ஆம் நூற்றாண்டில் கட்டி முடிக்கப்பட்ட நாணயச்சாலை அருங்காட்சியகத்தைப் பார்ப்பதற்கு அத்தகைய தயக்கம் ஏதும் தேவையில்லை. வெள்ளி முதலாளிகள் குளிருக்கு ஒதுங்கி வாழ்ந்த சூக்ரே, 2,800 மீட்டரில் வெண்சுண்ணச் சுவர்களும் இதமான வெயிலுமாக மூன்று மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கிறது; 1825 ஆகஸ்ட் 6 அன்று விடுதலைப் பிரகடனம் கையெழுத்தானது இங்குதான்.

இழந்த கரை

சீமோன் பொலிவாரின் பெயரைத் தாங்கிப் பிறந்த குடியரசுக்கு அன்று பசிபிக் கடற்கரை இருந்தது. அட்டகாமா பாலையின் வெடியுப்புக்கு விதித்த வரியை முன்னிட்டு 1879இல் மூண்ட போரில் சிலியிடம் அந்தக் கரை முழுவதையும் பொலிவியா இழந்தது; 1904ஆம் ஆண்டு உடன்படிக்கை அதை உறுதிசெய்து, ஈடாக அரிக்கா துறைமுகம் வழியாகச் சரக்குப் போக்குவரத்து உரிமையையும், 1913இல் திறக்கப்பட்ட ஒரு ரயில்பாதையையும் தந்தது. இதேபோல் ரப்பர் விளைந்த ஆக்ரே 1903இல் பிரேசிலுக்கும், சாக்கோவின் பெரும்பகுதி 1932-35 போருக்குப்பின் பராகுவேக்கும் போயின. கடலை மட்டும் நாடு மறக்கவில்லை. போரில் உயிர்நீத்த எதுவார்தோ அபரோவாவின் நினைவாக மார்ச் 23 கடல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. டிடிகாக்காவிலும் அமேசான் கிளையாறுகளிலும் ரோந்து சுற்றும் கடற்படையொன்றும் பராமரிக்கப்படுகிறது. கடல்வழி குறித்துப் பேச்சு நடத்தும் கடமை சிலிக்கு உண்டு எனப் பன்னாட்டு நீதிமன்றத்தில் பொலிவியா தொடுத்த வழக்கு, 2018 அக்டோபர் 1 அன்று 12க்கு 3 என்ற பெரும்பான்மையில் தள்ளுபடியானது.

மலையிலிருந்து இறங்கினால்

லா பாஸுக்கு வடகிழக்கே 4,600 மீட்டருக்கு மேலுள்ள லா கும்ப்ரே கணவாயிலிருந்து 1,200 மீட்டரிலுள்ள யோலோசாவுக்கு இறங்கும் பழைய யுங்காஸ் சாலை, சாக்கோ போரில் பிடிபட்ட பராகுவே கைதிகளின் உழைப்பையும் கொண்டு மலைச்சரிவில் வெட்டப்பட்டது. மூன்று மீட்டர் அகலம், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பல நூறு மீட்டர் பள்ளம், இடையில் மழையும் மூடுபனியும் என்ற நிலையில் அது மரணச் சாலை என்று பெயரெடுத்தது. நாடு முழுவதும் வலப்பக்கம் வண்டியோட்ட, இச்சாலையில் மட்டும் இடப்பக்கம் செல்வது விதி. இடப்புற இருக்கையிலுள்ள ஓட்டுநர் தம் சக்கரம் விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதை எட்டிப் பார்க்க அதுவே வழி. 2006இல் மாற்றுச்சாலை திறந்தபின் பழைய சாலையில் பெரும்பாலும் சைக்கிளோட்டிகளே செல்கின்றனர். நான்கைந்து மணி நேரத்தில் பனிக்குளிரிலிருந்து வாழைத்தோப்புக்கு இறங்கும் அந்தப் பயணம், பாடநூலில் படிக்கும் தாவர அடுக்குகளை வரிசையாகக் கண்முன் நிறுத்துகிறது.

யுங்காஸ் சரிவுகளில் விளையும் கோக்கா இலை, பொலிவியாவில் சட்டப்படியான வேளாண்பொருள். 2017ஆம் ஆண்டுச் சட்டம் 22,000 ஹெக்டேர் வரை பயிரிட அனுமதிக்கிறது. இலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வதும் வெந்நீரில் இட்டுக் குடிப்பதும் களைப்பையும் பசியையும் தணிக்கும் பழைய வழக்கங்கள். ஆயினும் அந்த இலையை, தேயிலைப் பொட்டலமாகக்கூட, நாட்டுக்கு வெளியே எடுத்துச் செல்வது பயணிக்கு வம்பாகவே முடியும். கொகெய்ன் இதிலிருந்தே பிரித்தெடுக்கப்படுவதால் இந்தியா உட்படப் பல நாடுகள் இதைத் தடைசெய்துள்ளன.

கீழே இறங்கிய தாழ்நிலத்தில் வேறொரு பொலிவியா இருக்கிறது. இன்று நாட்டின் மிகப் பெரிய நகரம் லா பாஸ் அன்று, சோயாவும் கால்நடையும் வளர்த்துவிட்ட சாந்தா குரூஸ். மத்திய அரசோடு அடிக்கடி முரண்படும் இந்நகரின் செழிப்புக்குக் கொடுக்கப்பட்ட விலை காடு. 2019இலும் 2024இலும் சிக்கித்தானோ உலர்காடுகளில் பரவிய தீ அதை உலகுக்கே காட்டியது. அக்காட்டுப் பகுதியில் ஏசு சபையினர் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் நிறுவிய ஆறு குடியிருப்புகளின் மரத்தூண் தேவாலயங்கள் உலக மரபுச் சின்னங்கள். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பாதிரியார் மார்ட்டின் ஷ்மிட் அங்குக் கட்டடம் எழுப்பியதோடு வயலின் செய்யவும் வாசிக்கவும் கற்றுத்தந்தார். சபை 1767இல் வெளியேற்றப்பட்ட பிறகும் சிக்கித்தானோ மக்கள் இசைச்சுவடிகளைப் பாதுகாத்து வந்ததால், 1996 முதல் ஈராண்டுக்கொருமுறை அங்கு பரோக் இசைவிழா நடக்கிறது. வடக்கே மோஹோஸ் வெள்ளப் புல்வெளியில், ஐரோப்பியர் வருமுன் மக்கள் எழுப்பிய மேட்டு வயல்களையும் கரைப்பாதைகளையும் லேசர் அளவாய்வுகள் அண்மையில் வெளிக்கொணர்ந்துள்ளன. அதே வட ஆறுகளில் பாதரசமிட்டு அரிக்கப்படும் தங்கம், அண்மை ஆண்டுகளில் பொலிவியா இந்தியாவுக்கு அனுப்பும் சரக்கில் மிகப் பெரிய பங்காகியிருக்கிறது.

உணவும் உயரத்தையே பின்பற்றுகிறது. மேட்டுநிலத்தில் ஜூன், ஜூலை மாதங்களின் உறைபனி இரவுகளில் உருளைக்கிழங்கைத் தரையில் பரப்பி, பகலில் காலால் மிதித்து நீரைப் பிழிந்து, மீண்டும் உறையவிட்டுக் காயவைத்த சூன்யோ, கல்போல இறுகி ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். கினோவா உயூனியைச் சுற்றி விளைகிறது. மேசைதோறும் வைக்கப்படும் யஹ்வா, லொக்கோத்தோ மிளகாயையும் தக்காளியையும் பத்தான் என்னும் கல்லில் அரைத்துச் செய்வது. அம்மியில் அரைத்த காரச் சட்னிக்குப் பழகிய நாக்குக்கு அது அந்நியமாகத் தோன்றாது. தென் பொலிவியாவும் அதையொட்டிய வடமேற்கு அர்ஜென்டினாவுமே நிலக்கடலையின் பிறப்பிடம் என்பது மரபணு ஆய்வின் முடிவு. கொச்சபம்பாப் பள்ளத்தாக்கில் கடலையை அரைத்துச் செய்யும் சூப் பெயர்பெற்றது. ஆனால் அதில் மாட்டெலும்பு சேர்வது வழக்கம் என்பதால் சைவ உணவுக்காரர் கேட்டறிந்தே உண்ண வேண்டும்.

பயணத்தின் வரிசை

இவ்வளவும் தெரிந்தபின், பயணத்திட்டத்தைத் தூரத்தால் அன்றி உயரத்தால் வகுப்பதே அறிவுடைமை. இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லை. மாட்ரிட், சாவ் பாவ்லோ போன்ற நகரங்கள் வழியாகவே செல்ல வேண்டும். நேரே எல் ஆல்ட்டோவில் இறங்குவதைத் தவிர்த்து, சாந்தா குரூஸில் இறங்கி, சில நாள் கழித்து 2,550 மீட்டரிலுள்ள கொச்சபம்பாவிலோ 2,800 மீட்டரிலுள்ள சூக்ரேயிலோ தங்கி, பின்னர் லா பாஸ், உயூனி, பொட்டோசி என்று ஏறினால் உடல் பழகிக்கொள்ளும். இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த வரிசையைக்கூடத் தொடங்கக் கூடாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்குக் குளிர்காலம். உயூனியில் இரவு வெப்பநிலை உறைநிலைக்குப் பத்து டிகிரிக்கும் கீழே போகும், மலிவான விடுதிகளில் அறையைச் சூடேற்றும் வசதியும் இராது. பிப்ரவரி அல்லது மார்ச்சில் வரும் ஒருரோ நகரத் திருவிழாவில் சாத்தான் முகமூடியணிந்து ஆயிரக்கணக்கானோர் ஆடும் தியாப்லாதா நடனத்தைக் காண விரும்புபவர் மழைக்காலத்தை ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும்.

பொலிவிய நேரம் இந்திய நேரத்துக்கு ஒன்பதரை மணி பின்தங்கியது. ஒரு டாலருக்கு ஏறத்தாழ 7 பொலிவியானோ என்று பல ஆண்டுகள் நிலைத்திருந்த நாணய மாற்று, 2023 முதல் ஏற்பட்ட டாலர் தட்டுப்பாட்டால் ஆட்டங்கண்டதால், அட்டையை நம்புவதைவிட ரொக்கமாக டாலர் கொண்டுசெல்வது நல்லது. அவ்வப்போது எரிபொருள் தட்டுப்பாடும் தோன்றும். இவையனைத்திலும் பயணியை மிகுதியாகக் கலங்கடிப்பது சாலை மறியல். கோரிக்கை எதுவாயினும் கல்லும் டயரும் போட்டு நெடுஞ்சாலையை நாள்கணக்கில் மூடுவது அங்கு வேரூன்றிய போராட்ட முறை. 2000இல் கொச்சபம்பா மக்கள் குடிநீர் தனியார்மயத்தை முறியடித்ததும் இம்முறையால்தான். ஆகவே நாடு திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரண்டு மூன்று நாள்களைக் காலியாக வைத்துக்கொள்வது வீண்செலவன்று.

விசா விதிகள் மாறக்கூடியவை என்பதால் புதுதில்லியிலுள்ள பொலிவியத் தூதரகத்தில் கேட்டறிவதே பாதுகாப்பு. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில் மட்டும் ஐயத்துக்கு இடமில்லை. அந்நோய் தாழ்நிலத்துக் கொசுவால் பரவுவது. லா பாஸிலோ உயூனியிலோ அதற்கு வாய்ப்பில்லை. ஆனால் இந்திய அரசின் விதி உயரத்தைப் பார்ப்பதில்லை, நாட்டின் பெயரையே பார்க்கிறது: பொலிவியாவிலிருந்து திரும்புபவர் சான்றிதழ் காட்டாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தப்படலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லுபடியாகும், அதன்பின் வாழ்நாள் முழுவதும் போதும். சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்திலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் அது போடப்படுகிறது.